கருப்பம்மாள் கேட்க வந்த கேள்வி

தாயில்பட்டி கருப்பம்மாளுக்கு ஆறு வருடமாக ஒரே கேள்விதான்: புருஷன் முத்துப்பாண்டி உயிரோடு இருக்கிறானா?

பட்டாசு ஆலை வெடித்த அன்று வெடிமருந்து கலக்கும் அறையில் இரண்டு பேருக்கு வேலை. ஒருவன் முத்துப்பாண்டி, இன்னொருவன் சங்கிலிமுத்து. கிடைத்ததோ ஒரே உடல், அதுவும் கரிக்கட்டையாக. சங்கிலிமுத்துவின் மனைவி பஞ்சம்மாள் அதன்மேல் விழுந்து அழுதாள், அவளிடமே கொடுத்தார்கள். முத்துப்பாண்டி பயந்து ஓடிவிட்டான் என்றது ஊர். கருப்பம்மாள் பொட்டை அழிக்கவில்லை. வேறொரு கம்பெனியில் சரவெடி பின்னி மகளை நர்சிங் படிக்க வைத்தாள். திருச்செந்தூர் போனாலும் சாமியைவிடக் கூட்டத்தில் முகங்களைத்தான் அதிகம் பார்த்தாள்.

காசியிலிருந்து ஊர் ஊராக நடந்து வரும் சாமியார் ஒருவர் சிவகாசிக் கல்யாண மண்டபத்தில் பக்தர்களைச் சந்திக்கிறார் என்று கூட வேலை பார்க்கும் முருகேஸ்வரி அழைத்துப் போனாள்.

வரிசை நகர்ந்தது. சாமியார் ஒவ்வொருவருக்கும் முன்னால் வலது உள்ளங்கையை விரித்துத் தரையில் அழுத்தினார், ஒரு மூச்சு நேரம் பொறுத்தார், பிறகே கைகூப்பினார்.

“எம்புட்டுப் பணிவு பாத்தியாக்கா! பூமாதேவியத் தொட்டுட்டுத்தான் நம்மளக் கும்புடுறாக. நம்ம போர்மேன் வணக்கம் சொன்னாக்கூடத் திரும்பிப் பாக்க மாட்டான்” என்றாள் முருகேஸ்வரி.

கருப்பம்மாள் அந்தக் கையையே பார்த்தாள். அது பணிவு இல்லை. மருந்து அறை வாசலில் செம்புத் தகடு ஒன்று பதித்திருக்கும். உடம்பில் ஏறிய நிலைமின்சாரம் பொறி தட்டாமல் மண்ணில் இறங்க, அதில் இப்படிக் கையை அழுத்திவிட்டுத்தான் உள்ளே போவார்கள். இவர் மருந்து கலந்த ஆள்!

‘அவரேதானா?’

முன்னால் இருந்தவர்களைத் தள்ளிக்கொண்டு போனாள். தாடி, சடை, அதற்குள் இடது புருவத்தில் பழைய வெட்டுத் தழும்பு. முத்துப்பாண்டிக்கு அங்கே தழும்பு கிடையாது, சங்கிலிமுத்துவுக்கு உண்டு.

“சங்கிலிமுத்தண்ணே... உசுரோட இருக்கீகளா?”

கூப்ப எழுந்த கைகள் பாதியில் நின்றன. ஒரு கணம் அவளுக்குச் சந்தோஷம்கூட வந்தது. அடுத்த கணம் கணக்குப் புரிந்தது. இவர் இங்கே இருந்தால், அந்த உடல்?

“அறையில யாரு இருந்தாக?”

“தண்ணி குடிக்க வெளிய வந்தேன் தாயி” என்றார் அவர், உதடு மட்டும் அசைய. “பின்னாலயே வெடிச்சிருச்சு. அவன் மட்டுந்தான் உள்ள. கலவையில நாந்தான் தப்புப் பண்ணிட்டேனோன்னு ஓடிட்டேன். நான் செத்துட்டேன்னு பேப்பர்ல பாத்தேன். அப்படியே இருந்துட்டேன்.”

“ஏம்மா, நகருங்கம்மா!” பின்னால் யாரோ அதட்டினார்கள்.

அவள் நகரவில்லை. சங்கிலிமுத்து என்று சொல்லி அந்த உடலைப் புதைத்த அன்று பஞ்சம்மாளைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு, “ஒனக்காவது பொணம் கெடச்சுச்சேக்கா” என்று அழுதவள் அவள். குழிக்குள் போவது யார் என்று தெரியாமல் ஒரு பிடி மண்ணும் போட்டிருக்கிறாள்.

“எந்திரிங்கண்ணே.”

“போலீசுல பிடிச்சுருவாக தாயி...”

“பிடிக்கட்டும். அந்தச் சமாதிக் கல்லுல ஒங்க பேரு இருக்கு. நீங்களே வந்து அழிச்சாத்தான் நான் எம் புருஷனுக்கு அழ முடியும்.”

அவர் கையை மீண்டும் தரையில் வைத்தார். இந்த முறை எழுந்திருப்பதற்காக.