படிவத்தில் பியானோ என்று எழுதினேன்

தந்தி அலுவலகத்தில் முப்பத்துநான்கு வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். பிறர் எழுதிக் கொடுத்த வார்த்தைகளை எண்ணியே பிழைத்தேன். ஆனால் நானே எழுதிய ஒரு வார்த்தை என் மகளின் படிப்பைக் கெடுக்கப் பார்த்தது. அந்தப் பதினோரு நாளும் நான் பட்ட பாட்டையும், ஆண்டவர் எனக்கு இரங்கிய விதத்தையும் விசுவாசிகளாகிய உங்களிடம் மறைக்காமல் சொல்லுகிறேன்.

பியூலா எங்கள் ஒரே பிள்ளை. எனக்கு நாற்பத்தைந்து வயதில் பிறந்தவள். பாளையங்கோட்டையில் எங்கள் கோயிலில் பன்னிரண்டு வயதிலிருந்து ஆர்கன் வாசித்து வந்தாள். அது பழைய ஆர்கன். இரண்டு கால்களாலும் மாறி மாறி மிதித்துத் துருத்திக்குக் காற்றுக் கொடுக்க வேண்டும். மிதிப்பது நின்றால் பாட்டு நின்றுவிடும். ஆறு வருடத்தில், அம்மை கண்ட இரண்டு ஞாயிறு தவிர, ஒரு ஆராதனையும் அவள் தவறவிட்டதில்லை.

1994-ல் பிளஸ் டூ முடித்தாள். சென்னையில் ஒரு கல்லூரியில் மேல்நாட்டு இசை படிக்க வேண்டும் என்று ஆசைப்பட்டாள். வேறு எந்தக் கல்லூரிக்கும் மனுப் போடவில்லை. படிவத்தில், என்ன வாத்தியம், எத்தனை வருடம் என்று ஒரு கட்டம் இருந்தது. பியானோ அல்லது வயலின் மட்டும்தான் என்று அடியில் அச்சிட்டிருந்தார்கள். நான் பேனாவை எடுத்தேன்.

“எப்பா, பியானோன்னு போடாதீங்க. நான் அதத் தொட்டதே இல்ல.”

“ரெண்டும் ஒண்ணுதாம்ளா. அதே வெள்ளக் கட்டை, அதே கருப்புக் கட்டை. ஒன் ஆர்கன்ல அறுபத்தொண்ணு, அதுல எம்பத்தெட்டு. இருபத்தேழு கட்டைதான கூட?”

என் மனைவி தங்கம் அடுக்களையிலிருந்து, “எண்ணத் தெரிஞ்சவருக்கு வாசிக்கவும் தெரியுமாக்கும்” என்றாள்.

நான் கேட்கவில்லை. ‘பியானோ, ஆறு வருடம்’ என்று எழுதிக் கையெழுத்தும் போட்டேன்.

மே மாதக் கடைசியில் அழைப்பு வந்தது. தேர்வுக்குப் பதினோரு நாள். நேரில் வந்து பியானோவில் இரண்டு பாடம் வாசித்துக் காட்ட வேண்டும். அப்போதுதான் பியானோ தேடிப் புறப்பட்டேன். எனக்குத் தெரிந்து ஊரில் ஒரு பள்ளிக்கூடத்தில் மட்டும் பியானோ இருந்தது. மூன்று தடவை போனேன். கோடை விடுமுறை, மூன்று தடவையும் பூட்டு. சாவி வைத்திருந்தவர் பம்பாயில் மகள் வீட்டுக்குப் போயிருந்தார்.

“எப்பா, இப்பமாவது உண்மைய எழுதிப் போட்டிருங்க” என்று பியூலா அழுதாள்.

“எழுதினா வர வேண்டாம்னுருவாங்க. சும்மா இரு” என்று அதட்டிவிட்டேன்.

அவள் தினமும் கோயிலுக்குப் போய் ஆர்கனிலேயே அந்த இரண்டு பாடத்தையும் பழகினாள். நான் தினமும் ஐந்து வேளை முழங்காலில் நின்றேன். ஜெபம் ஒன்றுதான். “ஆண்டவரே, அவர்கள் கண்டுபிடித்துவிடாதபடி பார்த்துக்கொள்ளும்.” வெட்கத்தோடு சொல்லுகிறேன், ஐம்பத்தைந்து தடவை இப்படி ஜெபித்தேன். ஒரு தடவைகூட நெஞ்சு லேசாகவில்லை.

தேர்வு நாளில் கல்லூரி வராந்தாவில் இருபத்துமூன்று பெண்கள் காத்திருந்தார்கள். இடம் ஏழு. என் பக்கத்தில் நாகர்கோவில்காரர் ஒருவர் தன் மகளோடு உட்கார்ந்திருந்தார்.

“அண்ணாச்சி திருநவேலியா? ஒங்க வீட்ல பியானோ எந்த ஊரு பியானோ?”

“கோயில்ல இருக்கு” என்றேன்.

“கோயில்லயா! குடுத்து வச்சவங்க. நாங்க லண்டன்லேந்து வந்த பழைய பியானோ ஒண்ண வாங்கிப் போட்டு, அதுக்காகவே ஒரு சன்னல உடைச்சுல்லா உள்ள கொண்டு போனோம்.”

பியூலா தலையைக் குனிந்துகொண்டாள்.

பதினேழாவதாக அவளைக் கூப்பிட்டார்கள். கதவு மூடியது. பாடம் ஆரம்பித்தது. நாலு அடி நன்றாகத்தான் போனது. பிறகு தட், தட், தட் என்று ஒரு சத்தம். எனக்கு அந்தச் சத்தம் தெரியும். ஞாயிறுதோறும் முதல் வரிசையில் உட்கார்ந்து கேட்ட சத்தம். அவள் கால்கள் பியானோவின் மிதிகளைத் துருத்தி மிதிப்பதுபோல மிதித்துக்கொண்டிருந்தன. ஒரு மிதியால் சுரங்கள் ஒன்றோடொன்று கலந்து குழம்பின. அடுத்த மிதியில் சத்தம் அமுங்கியது. நாகர்கோவில்காரர் என்னைத் திரும்பிப் பார்த்தார். முப்பத்தொன்பது மிதி எண்ணினேன். பாட்டு நின்றது.

உள்ளே ஒரு பெண்மணியின் குரல், “ஏம்மா காலை இப்படிப் போட்டு உதைக்கறே? ஆறு வருஷமா யார்கிட்ட கத்துண்டே?”

என் மகள் பதில் சொல்லவில்லை. சொன்னால் தகப்பன் பொய்யன். சொல்லாவிட்டால் அவளே பொய்க்காரி. அந்த மௌனத்தில்தான் முதல் தடவையாக நான் வேறு ஜெபம் செய்தேன். “ஆண்டவரே, பொய் என்னுடையது. பிள்ளையை விட்டுவிடும்.” அவ்வளவுதான். என் கால்கள் தாமாக எழுந்தன. கடைநிலை ஊழியர் தடுக்கத் தடுக்கக் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனேன்.

“அம்மா, பியானோன்னு எழுதினது நான். இவ வேண்டாம்னு சொன்னா, நான்தான் கேக்கல. இவ வாசிச்சது எல்லாம் எங்க கோயில் ஆர்கன்தான். தண்டனை எதுன்னாலும் எனக்குக் குடுங்க.”

அங்கே இரண்டு தேர்வாளர்கள் இருந்தார்கள். மூத்தவர் கண்ணாடியைக் கழற்றினார். “காலால காத்து அடிக்கற ஆர்கனா?”

“ஆமா மேடம்” என்றாள் பியூலா.

இளையவர் சிரிப்பை அடக்க முடியாமல் வாயைப் பொத்திக்கொண்டார். மூத்தவர் சிரிக்கவில்லை. “ரெண்டு காலையும் ஸ்டூலுக்கு அடியில மடக்கிக்கோ. தெரிஞ்ச ஞானப்பாட்டு ஒண்ணு வாசி. எத்தனை தெரியும்?”

“இருநூத்திப் பதினேழு” என்றேன்.

“உங்களை நான் கேக்கலை.”

பியூலா வாசித்தாள். பாட்டின் நாலு குரலுக்கு உரிய சுரங்களும் தெளிவாக விழுந்தன. அவர் நடுவிலே நிறுத்தி, “இதையே ரெண்டு சுதி இறக்கி வாசி” என்றார். உடனே வாசித்தாள். “இன்னும் ஒண்ணு இறக்கு.” அதையும் வாசித்தாள். ஒரு சுரமும் தப்பவில்லை.

“இது யார் சொல்லிக் கொடுத்தா?”

“யாரும் சொல்லித் தரல மேடம். காலை ஆராதனையில எங்க சனங்களுக்குத் தொண்டை ஏறாது. புஸ்தகத்துல இருக்குற மாதிரி வாசிச்சா பாதிப்பேரு வாய மூடிக்கிடுவாங்க. அதனால பைய எறக்கிருவேன்.”

தேர்வாளர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். “விரல்ல பலம் போதாது. அந்தக் காலை வேற அடக்கணும்” என்றார் மூத்தவர். பிறகு என் பக்கம் திரும்பினார். “இதை ஒரு கடுதாசியில நீங்களே முதல்ல எழுதியிருக்கலாம். வெளியே இருங்க.”

மாலை நான்கு மணிக்குப் பட்டியல் ஒட்டினார்கள். அதுவரை இரண்டு மணி இருபது நிமிடம். அந்த நேரத்தில் இடம் கொடும் என்று நான் கேட்கவில்லை. கேட்க வாய் வரவில்லை. ஆனாலும் பதினோரு நாளாக நெஞ்சில் இருந்த கல் அங்கே இல்லை. பட்டியலில் ஐந்தாவது பெயர் பியூலா. கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடி எண்ணினேன். ஐந்தாவதுதான். முதல் பருவ முடிவில் பியானோவில் மறுபடி தேற வேண்டும் என்று பக்கத்தில் ஒரு குறிப்பு இருந்தது. தேறினாள். மூன்று வருடமும் படித்து முடித்து, இந்த ஏப்ரலில் கடைசித் தேர்வும் எழுதிவிட்டாள். எல்லா மகிமையும் ஆண்டவருக்கே.

நான் கவலைப்படுவதை விட்டுவிட்டேன் என்று எழுதினால் தங்கம் சிரிப்பாள். விடவில்லை. ஆனால் மறைத்து வைத்துக்கொண்டு ஜெபிப்பதை விட்டுவிட்டேன். பிரியமானவர்களே, ஒரு காரியத்துக்காக வெகுநாளாக முழங்காலில் நின்றும் பாரம் இறங்காதவர்கள் உங்களில் இருக்கலாம். ஆண்டவரிடம் சொல்லாமல் ஓரமாக வைத்திருப்பது எதுவோ, இன்றைக்கு அதை முதலில் சொல்லிப் பாருங்கள். நான் கதவைத் தள்ளியபோது எனக்கு எல்லாம் போய்விட்டது என்றுதான் நினைத்தேன். அவர் எனக்கு முன்னமே அந்த அறைக்குள் இருந்தார்.