கியர் பாக்ஸ் யாருடையது?

போன மாதம் என் மைத்துனர் ராஜாங்கத்தின் வேனைப் பற்றி மூன்று பேர் மூன்று விதமாகச் சொன்னார்கள். மூவருமே அந்த வேனைச் செய்த கம்பெனியைச் சேர்ந்தவர்கள். மூவருமே அடித்துச் சொன்னார்கள். அங்கேதான் என்னை ஆர்வம் பிடித்துக்கொண்டது.

ராஜாங்கம் என் மனைவி சரஸ்வதியின் தம்பி. ரெட்டியார்சத்திரத்தில் தக்காளி, கத்தரி போடுகிறவர். காய்களைத் திண்டுக்கல் மார்க்கெட்டுக்கு ஏற்றி வர ஒரு வேன் வைத்திருக்கிறார். செகண்ட் ஹாண்ட். பேகம்பூர் தோல் வியாபாரி காதர் ராவுத்தரிடம் வாங்கியது.

பஸ் ஸ்டாண்ட் டீக்கடையில் யாரோ ஒரு டிரைவர் இவரிடம் சொல்லியிருக்கிறார் — இந்த மாதிரி வேன்களில் சிலவற்றைக் கம்பெனி திரும்பக் கூப்பிடுகிறது, கியர் பாக்ஸில் கோளாறு, கொண்டுபோனால் சும்மாவே புதிதாக மாட்டிக் கொடுக்கிறார்கள் என்று.

விற்ற பொருளைக் கம்பெனியே தேடிக் கூப்பிட்டுச் சரிசெய்து தருகிறதா? எனக்கு நம்பிக்கை இல்லை. ஆனாலும் ராஜாங்கத்தோடு மதுரைக்குப் போனேன். எழுதுகிறவனுக்கு இப்படி ஒரு கெட்ட பழக்கம்... யார் எங்கே போனாலும் கூடவே போவது.

ஏஜென்ஸி ஆபீஸில் இருந்த குமாஸ்தா, வண்டியின் அடிச்சட்டத்தில் வெட்டியிருக்கும் சேஸிஸ் நம்பரைக் கேட்டார். லிஸ்டைப் பார்த்தார். "இருக்கு. உங்க வண்டி இதுல சேர்ந்ததுதான்" என்றார்.

வண்டியைப் பின்னால் இருக்கும் ஒர்க் ஷாப்புக்கு ஓட்டினோம். போர்மன் அடியில் படுத்து டார்ச் அடித்துப் பார்த்தார். எழுந்து கையைத் துடைத்துக்கொண்டார். "இது அந்த வண்டி இல்லே. கொண்டு போங்க."

"முன்னாடி இருக்கறவரு இதுதான்னு சொன்னாரே?"

"அவரு சொல்லுவாரு. நான் பார்த்துட்டேன்ல?"

அதற்குமேல் அங்கே பேச்சு ஓடவில்லை. திரும்பி வந்தோம். ராஜாங்கத்துக்கு வருத்தமே இல்லை. "நம்ம வண்டி நல்லாத்தானே ஓடுது மச்சான், விடுங்க" என்றார். என்னால்தான் விட முடியவில்லை. இருக்கிறதா, இல்லையா? இரண்டில் ஒன்றுதானே நிஜமாக இருக்க முடியும்?

தெரிந்த மருந்துக்கடையிலிருந்து சென்னைக்கு டிரங்கால் போட்டேன். கரகரவென்ற சத்தத்துக்கு நடுவே கம்பெனி ஆபீஸில் ஒருவர் விசாரித்துச் சொன்னார்: "அந்த வண்டியில வேலை முடிஞ்சாச்சே சார்."

முடிந்துவிட்டதாம்! ஒரு நட்டைக்கூட யாரும் கழற்றவில்லை.

மறுபடியும் மதுரை. இந்தத் தடவை போர்மனிடம் சண்டைக்குப் போகவில்லை. ஒரு காபி வாங்கிக் கொடுத்து மெதுவாகக் கேட்டேன். அவரும் இறங்கி வந்தார்.

சேஸிஸில் ஒரு நம்பர் இருக்கும், கியர் பாக்ஸின் மேலேயே இன்னொரு நம்பர் வெட்டியிருக்கும் என்று விளக்கினார். கோளாறான கியர் பாக்ஸ் எந்தெந்த சேஸிஸில் போனது என்று கம்பெனிக்குத் தெரியும். அதன்படி ராஜாங்கத்தின் வண்டி லிஸ்டில் இருக்கிறது. ஆனால் இன்று அதில் இருக்கும் கியர் பாக்ஸ் அது அல்ல. நல்ல கியர் பாக்ஸ். நடுவில் எவரோ மாற்றி மாட்டியிருக்கிறார்கள்.

சரி, சென்னை? இங்கிருந்து "வண்டி வந்தது, பார்த்தாச்சு" என்று தகவல் போயிருக்கிறது. போகிற வழியில் "பார்த்தாச்சு" என்பது "முடிஞ்சாச்சு" ஆகிவிட்டது.

ஆக, ஒருவரும் பொய் சொல்லவில்லை. குமாஸ்தா லிஸ்டைப் பார்த்துச் சொன்னார். போர்மன் இரும்பைப் பார்த்துச் சொன்னார். சென்னைக்காரர் காதில் விழுந்ததைச் சொன்னார். ஊரில் நாம் போடும் சண்டைகளில் பாதி இந்த வகைதானோ என்று தோன்றியது. அவரவர் கண்ணுக்கு எதிரே இருப்பது அவரவருக்கு முழு உண்மை.

இந்தத் தத்துவத்தோடு வீட்டுக்கு வந்து, ராஜாங்கத்தோடு சாப்பிட உட்கார்ந்தபடி சரஸ்வதியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். இலையில் வெஞ்சனம் வைத்துக்கொண்டிருந்தவள் கையை நிறுத்திவிட்டுத் தம்பியைப் பார்த்தாள்.

"ஏலே ராசாங்கம், உன் வண்டில இருக்கறது உன்னோடது இல்லேன்னா, உன்னோடது யாரு வண்டில ஓடுது?"

நாங்கள் இரண்டு பேரும் சாப்பாட்டை நிறுத்திவிட்டோம். இரண்டு முறை மதுரைக்குப் போய், ஒரு டிரங்காலும் போட்ட எனக்கு இந்தக் கேள்வி வரவில்லை. அந்த இன்னொரு வண்டியின் சேஸிஸ் நம்பர் லிஸ்டில் இருக்காது. அந்த ஆளை எந்தக் கம்பெனியும் கூப்பிடாது.

மறுநாள் காலை காதர் ராவுத்தரின் தோல் கிடங்குக்குப் போனோம். கியர் பாக்ஸை எப்போதாவது மாற்றி மாட்டினீர்களா என்று கேட்டோம்.

"ஆமா சார். ஒரே மாதிரி ரெண்டு வண்டி வச்சிருந்தேன். ஒண்ணுல கியர் பாக்ஸ் முனகிக்கிட்டே கெடந்துச்சு. இன்னொண்ணு இஞ்சின் வேலைக்கு நின்னுச்சு. அன்னிக்கு அவசரமா சரக்கு அனுப்பியாகணும். மிஸ்திரி அதைக் கழட்டி இதுல மாட்டினாரு, இதை அதுல மாட்டினாரு. பெறகு அப்படியே விட்டுட்டோம். விக்கிறப்ப யாரு நெனச்சா?"

"அந்த இன்னொரு வண்டி யாருக்குப் போச்சு பாய்?"

"வத்தலக்குண்டு சின்னச்சாமிக்கு. அவரு..." ராவுத்தர் பேச்சை நிறுத்தினார். "யா அல்லா. அவரு மலைக்குல்ல வண்டி ஓட்டறாரு." செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டார். "வாங்க, நானும் வாரேன்."

மலையிறக்கத்தில் கனமான வண்டியை இழுத்துப் பிடிப்பது பிரேக் மட்டும் இல்லை, கீழ் கியரும்தான். அது தானாக நழுவினால் வண்டி அவிழ்த்துவிட்ட மாடு மாதிரி ஓடும். போர்மன் சொன்னது இது.

சின்னச்சாமி வீட்டில் இல்லை. காலையிலேயே உருளைக்கிழங்கு ஏற்றக் கொடைக்கானலுக்குப் போய்விட்டதாக அவர் மனைவி சொன்னார். மலைப்பாதை தொடங்கும் இடத்தில் ஒரு டீக்கடையில் உட்கார்ந்தோம். ஒவ்வொரு வண்டி இறங்கும்போதும் ராவுத்தர் எழுந்து நின்று பார்ப்பார், உட்கார்ந்துவிடுவார். டீ ஆறிப்போய் அப்படியே இருந்தது. வெயில் தாழ ஆரம்பித்த பிறகு, மூட்டைகளோடு அந்த வேன் வளைவு திரும்பி வந்தது. ராவுத்தர் நடுரோட்டுக்கே போய்க் கையை நீட்டிவிட்டார்.

நான் வண்டிக்குள் எட்டிப் பார்த்தேன். கியர் கம்பியை, சீட்டுக்கு அடியில் இருந்த ஒரு கொக்கியோடு சைக்கிள் டியூப்பால் இழுத்துக் கட்டியிருந்தது.

"இது என்னங்க?"

"இறக்கத்துல ரெண்டாம் கியர் நிக்காது. அதான் கட்டி வச்சிருக்கேன். கட்டு நழுவுனா முழங்காலை வச்சு முட்டுக் குடுத்துக்குவேன்." சாதாரணமாகச் சொன்னார். முப்பது வயதிருக்கும். ஒல்லியான ஆள்.

நாங்கள் வந்த விஷயத்தைச் சொன்னோம். அவர் முகம் மாறியது. எங்களை ஒவ்வொருவராகப் பார்த்தார்.

"வித்தவரு, இன்னொரு வண்டியை வாங்குனவரு, கூட ஒரு சட்டைப் பேனாக்காரரு... மூணு பேரும் சேர்ந்து வந்திருக்கீங்க. இதுல உங்களுக்கு என்ன லாபம்?"

நியாயமான சந்தேகம். நான் என்னவோ நீட்டி முழக்க ஆரம்பித்தேன். ராஜாங்கம் குறுக்கிட்டார்.

"லாபமெல்லாம் இல்லீங்க. எனக்கு வந்திருக்க வேண்டிய கோளாறு உங்ககிட்ட கெடக்கு. அம்புட்டுத்தான்."

மறுநாள் சின்னச்சாமி மதுரைக்கு வந்துவிட்டார்.

அங்கே குமாஸ்தா லிஸ்டைப் பார்த்தார். "இந்த வண்டி நம்பர் இல்லையே."

"கியர் பாக்ஸ் நம்பர் இருக்குய்யா" என்றார் போர்மன்.

"எனக்குச் சேஸிஸ் நம்பர்தான் வேணும். அது இல்லாம ஸ்டோர்லேருந்து ஒரு ஸ்குரூகூட வெளிய வராது."

இரண்டு பேரும் நின்ற இடத்திலேயே நின்றார்கள். சின்னச்சாமி வண்டிச் சாவியை எடுத்துக்கொண்டு கிளம்பத் தயாரானார். "எனக்குத் தெரியும், இது இப்படித்தான் முடியும்னு."

அப்போது ராஜாங்கம் கேட்டார்: "என் வண்டி நம்பர் லிஸ்டுல இருக்குல்ல? எனக்கு ஒரு கியர் பாக்ஸ் வரணும்ல?"

"இருக்கு. சென்னையில 'முடிஞ்சாச்சு'ன்னு இருக்கறதை நான் திருத்திக்கறேன்."

"அதை என் பேருல எழுதி எடுங்க. இவரு வண்டில மாட்டுங்க."

"பின்னால உங்க வண்டிக்கு ஏதாவது ஆச்சுன்னா கம்பெனி பொறுப்பு இல்லே."

"ஆச்சுன்னா நான் பாத்துக்கறேன்."

குமாஸ்தாவுக்கு ஒரே சந்தோஷம். அவருக்கு நம்பர் சரியாகிவிட்டது. சின்னச்சாமி ராஜாங்கத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். சாவி கையிலேயே இருந்தது.

பழைய கியர் பாக்ஸைக் கழற்றித் திறந்தார்கள். போர்மன் ஒரு பல்சக்கரத்தை எடுத்து வெளிச்சத்தில் காட்டினார். "இதோ பாருங்க. செய்யறப்பவே பல்லு சரியா வெட்டலை. எவன் ஓட்டினாலும் நழுவத்தான் செய்யும்."

சின்னச்சாமி கிட்டே போனார். "எவன் ஓட்டினாலுமா சார்?"

"எவன் ஓட்டினாலும்."

"அப்ப ஓட்டறவன் கோளாறு இல்லையே?"

"ஓட்டறவன் என்ன பண்ணுவான்? இதை வச்சுக்கிட்டு இத்தனை நாள் மலை இறங்கினதே பெரிசு."

அந்த மனிதர் பக்கத்தில் கிடந்த டயர் மேல் உட்கார்ந்துவிட்டார். மெதுவாக எங்களிடம் சொன்னார்: வண்டி வாங்கப் பணம் கொடுத்தவர் மாமனார். அவரும் பழைய லாரி டிரைவர். ஒருமுறை கூடவே மலையிலிருந்து இறங்கியவர், அன்றிலிருந்து வீட்டுக்கு யார் வந்தாலும், "எங்க மருமகனுக்கு கியர் போடத் தெரியாது" என்றுதான் பேச்சைத் தொடங்குவாராம். கேட்டுக் கேட்டு இவரும் அப்படித்தான் என்று நம்பிவிட்டார். அதனால்தான் எந்த மெக்கானிக்கிடமும் காட்டவில்லை.

"எனக்குக் கை சரியில்லேன்னே நெனச்சுட்டேன் சார்."

மாலையில் புது கியர் பாக்ஸோடு வண்டி கிளம்பியது. கிளம்புவதற்கு முன் சின்னச்சாமி அந்தப் பல்சக்கரத்தைக் கேட்டு வாங்கி, துண்டில் சுற்றி, சீட்டில் பக்கத்திலேயே வைத்துக்கொண்டார்.

பழைய சக்கரங்களை எல்லாம் திருப்பி அனுப்பச் சொல்லிக் கம்பெனியிலிருந்து உத்தரவாம். போர்மன் பாவம், அந்தப் பல்சக்கரத்தைச் சின்னச்சாமியிடம் கேட்டுக்கொண்டே இருக்கிறார். வத்தலக்குண்டு மாமனார் அதைப் பார்த்து முடிக்கும் வரை கிடைக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை!