சுடாத மானுக்கும் கணக்குண்டு

கனடாவின் ஒன்ராறியோவில் மான் வேட்டைக்கு அனுமதிச் சீட்டு எடுத்தவர், போனாலும் போகாவிட்டாலும், சுட்டாலும் சுடாவிட்டாலும், பருவம் முடிந்ததும் அரசுக்கு அறிக்கை கொடுக்க வேண்டும். அது சட்டம். கொடுக்காவிட்டால் மறுவருடம் சீட்டுக் கிடையாமல் போகலாம்.

என் கணவர் இலையுதிர் காலத்தில் நண்பர்களோடு வடக்கே வேட்டைக்குப் போகிறவர். கிடைக்கிற மானை, எலும்பு, ஈரல் ஒன்றும் விடாமல் எங்கள் ஆட்களின் முறைப்படி பங்கு போடுவார்கள். போன வருடமும் சீட்டு எடுத்தார், ஆனால் போகவில்லை. அதற்கு முன்பே வேலையையும் விட்டுவிட்டு, வீட்டுக்குக் கீழே பேஸ்மென்ற் சோபாவில் சுவரைப் பார்த்தபடி படுத்துவிட்டார். நண்பர்கள் அவருடைய பங்கைக் கொண்டுவந்து தந்தபோதுகூட மேலே ஏறி வரவில்லை.

குடும்ப டொக்டர் மாத்திரை எழுதினார். மனம்விட்டுக் கதைக்க ஒருவர் தேவை என்றும் சொன்னார். கையில் வசதி இருந்தால் உடனே பார்க்கலாம். அரசு செலவழிக்கிற இடமென்றால் வெயிற்றிங் லிஸ்ற்றில் நிற்க வேண்டும். கால் முறிந்தால் ஓடிவந்து கட்டுப் போடுகிற நாடு, மனம் முறிந்தால் வரிசையில் நில் என்கிறது. இது எந்த ஊர் நியாயம்? பனி கொட்டத் தொடங்கியும் நாங்கள் நின்றுகொண்டுதான் இருந்தோம்.

கடைசியில் அந்த அரசு இடத்திலிருந்து அழைத்தபோது நான் வேலையில் இருந்தேன். எங்களோடு வெக்ஸ்போர்ட்டில் இருக்கும் மாமி, அவரைப் பெற்றவர், போனை எடுத்திருக்கிறார். எங்களுக்கு வசதியாக இருக்கட்டும் என்று அங்கிருந்து ஒரு தமிழ்ப் பிள்ளையைப் பேசவிட்டிருந்தார்கள். அதுதான் வினையாகிவிட்டது. வெள்ளைக்காரி கேட்டிருந்தால் மாமி திக்கித் திணறியாவது மகனிடம் போனைக் கொடுத்திருப்பார்.

"தமிழ்ப் பெட்டை. ஆரின்ரை பிள்ளையோ தெரியாது," என்றார் மாமி, நான் வீட்டுக்கு வந்ததும். "நல்ல சுகமாய் இருக்கிறார், ஒண்டும் தேவையில்லை எண்டு சொல்லிப் போட்டன். நாளைக்கு றிச்மண்ட் ஹில் கோயிலிலை நாலு பேரிட்டைச் சொன்னாள் எண்டால்? உன்ரை பிள்ளையளைக் கட்டிக் குடுக்க வேண்டாமே? ஊர்வாயை மூட உலைமூடி இல்லைப் பிள்ளை."

மாமியில் வந்த கோபத்தை விழுங்கிக்கொண்டு மறுநாள் அந்த இடத்துக்குப் போன் எடுத்தேன். வீட்டிலிருந்து வேண்டாம் என்று சொன்னபடியால் பெயரை எடுத்துவிட்டார்களாம். டொக்டர் மறுபடி கேட்டால் வரிசையின் கடைசியில் சேர்ப்பார்களாம். வீடு சொன்னதாம், அவர்கள் எழுதினார்களாம்; ஓணானுக்கு வேலி சாட்சி. படுத்திருக்கிறவரிடம் ஒரு வார்த்தை கேட்க வேண்டும் என்று அங்கே ஒருவருக்கும் தோன்றவில்லையா?

அந்தக் கிழமைதான் மான் அறிக்கை இன்னும் வரவில்லை என்று அரசின் நினைவூட்டல் வந்தது. அவருடைய வேட்டை நண்பர் ஒருவரிடம் சொன்னேன். "அண்ணை, இவருக்கும் சேர்த்து நீங்களே குடுத்து விடுங்கோவன்."

"அது ஏலாது தங்கச்சி. சீட்டு எடுத்த ஆள் தானே சொல்ல வேணும். வேறை ஆள் சொல்லிச் சரிவராது."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. காட்டிலே ஓடும் மானைப் பற்றி என்றால் அவரவர் வாயால்தான் சொல்ல வேண்டும். மனிதனின் மனதைப் பற்றி என்றால் போனை எடுக்கிற யார் சொன்னாலும் போதும்.

லப்ரொப்பைக் கொண்டுபோய் அவருக்குப் பக்கத்தில் இருந்தேன். வேட்டைக்குப் போனீர்களா, எத்தனை நாள், மானைக் கண்டீர்களா என்று அது கேட்டதையெல்லாம் வாசித்தேன். இல்லை, இல்லை என்று அவர் தலையாட்ட, நான் அழுத்தினேன். முடிந்தது.

"எல்லாம் கேட்டாங்கள்," என்றார் திடீரென்று. "ஏன் போகேல்லை எண்டு ஒருத்தரும் கேக்கேல்லை."

எத்தனையோ நாட்களுக்குப் பிறகு அவர் முழுதாகச் சொன்ன வசனம் அது. நானும்தான் கேட்டிருக்கவில்லை.

"ஏனப்பா போகேல்லை?"

"துவக்கைக் கையிலை எடுக்கப் பயமாய் இருந்தது. மானுக்காக இல்லை."

படியில் தேத்தண்ணியோடு நின்ற மாமிக்கும் அது கேட்டுவிட்டது. அந்த மாலையே நண்பர் வந்து வேட்டைத் துவக்கைத் தன் வீட்டுக்குக் கொண்டுபோனார். என் கணவரை நான் ஆஸ்பத்திரி எமேர்ஜென்சிக்குக் கூட்டிப்போனேன். மாத்திரையை மாற்றி, கதைக்கிற இடத்துக்கு மறுபடி எழுதி அனுப்பினார்கள். அதே வரிசை.

மறுநாள் காலை மாமி என்னிடம் வந்து, "அண்டைக்குப் போன் எடுத்த அந்தப் பிள்ளையின்ரை நம்பரைத் தா," என்றார். அழுத்திக் கொடுத்தேன். மறுமுனையில் ஒரு பதிவுக் குரல், தகவலை விடும்படி ஆங்கிலத்தில் சொன்னது. மாமி போனை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டு தமிழிலேயே சொன்னார்.

"பிள்ளை, நான் அண்டைக்குப் பொய் சொல்லிப் போட்டன். என்ரை மகனுக்குச் சுகமில்லை."

அதற்கு இன்னும் பதில் வரவில்லை. மான் அறிக்கை கிடைத்தது, நன்றி என்று அரசு மட்டும் நாங்கள் அனுப்பிய அன்றைக்கே ஈமெயில் அனுப்பிவிட்டது.