தள்ளிப்போட ஒரு மாத்திரை, வரவைக்க ஒரு மாத்திரை

டாக்டரம்மா கேட்ட முதல் கேள்விக்கே என்னைப் பதில் சொல்ல விடவில்லை.

"கடைசியா எப்பம்மா தூரமானே?"

கூட வந்திருந்த என் மாமியார் முந்திக்கொண்டார். "போன பௌர்ணமி கழிச்சுங்க. எப்பவுமே பௌர்ணமி கழிச்சுத்தான்."

"எப்பவுமேவா? தானா வருதா?"

"தானா எங்கங்க வருது? மாத்திரையை நிறுத்துனதும் வரும்."

டாக்டரம்மா பேனாவை மேஜைமேல் வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். எனக்கு ஏனோ வெட்கமாக இருந்தது. வெட்கப்பட வேண்டியவள் நானில்லை என்று புரிய வெகுகாலம் ஆனது.

எண்பதுகளின் நடுவில் நடந்தது இது. கீழ்பென்னாத்தூரில் மல்லாட்டை (நிலக்கடலை) பயிரிடும் வீட்டில் பிறந்த என்னைத் திருவண்ணாமலையில் பூக்கடை வைத்திருந்த குடும்பத்தில் கட்டிக்கொடுத்தார்கள். பௌர்ணமி வந்தால் விடிவதற்குள் கோயிலுக்குக் கூடை கூடையாக மாலை கட்டியாக வேண்டும். தூரமான (மாதவிலக்கான) பெண் பூவைத் தொடக் கூடாது. ஆனால் என் கை இல்லாமல் வேலையும் நடக்காது. அதற்கு அத்தை கண்ட வழிதான் நாளைத் தள்ளிப்போடும் மாத்திரை. அது ஒரு ஹார்மோன் மருந்து (ஹார்மோன் என்பது உடம்பே சுரந்து, உறுப்புகளை வேலை செய்யவைக்கும் பொருள்). டாக்டர் சீட்டு எதுவும் வேண்டாம். தீபத் திருவிழா நெருங்கினால் தலைவலி மாத்திரையைவிட அதுதான் ஜாஸ்தி போகும் என்று மெடிக்கல் ஷாப்காரரே சிரித்தபடி சொல்வார்.

என் ரத்தம் சாமிக்கு ஆகாதாம். அதை மருந்து போட்டு அடக்கிவைத்துக்கொண்டு கட்டிய மாலை மட்டும் ஆகுமாம். இந்தக் கணக்கு எனக்கு இன்றுவரை புரியவில்லை.

மூன்று வருடமாகக் குழந்தை இல்லை. கோயில் மரத்தில் தொட்டில் கட்டியவரும் அத்தைதான், மாதாமாதம் தண்ணீர் டம்ளரோடு மாத்திரையை நீட்டியவரும் அத்தைதான். என் கணவருக்கு வேறு பெண் பார்க்கும் பேச்சு என் காது கேட்கவே அடுக்களையில் நடந்தது. அந்த நிலையில்தான் டாக்டரிடம் வந்திருந்தோம்.

"உன் வீட்டுக்காரரையும் கூட்டிட்டு வரணும். அவருக்கும் டெஸ்ட் எடுக்கணும்" என்றார் டாக்டரம்மா.

"என் புள்ளைக்கு என்னாங்க குறை? அவன் புள்ளை வரம் கேட்டு மாசாமாசம் விரதம் இருக்கிறான். அமாவாசைக்கு அஞ்சு நாள் முன்னாலேந்து அஞ்சு நாள் பின்னால வரைக்கும் கடையிலதான் படுக்கிறான்" என்றார் அத்தை பெருமையாக.

டாக்டரம்மா சுவரில் தொங்கிய காலண்டரைக் கழற்றி எங்கள் முன்னால் விரித்தார்.

அன்று அவர் சொன்னதை, இப்போது நாள் எண்ணிக்கொண்டு இதைப் படிக்கிறவர்களுக்காகச் சொல்கிறேன். மாதம் ஒருமுறை கருமுட்டை (குழந்தையாக வளரக்கூடிய, பெண்ணின் உயிரணு) வெளியே வரும். அடுத்த தூரத்துக்கு ஏறக்குறைய இரண்டு வாரம் முன்னால் அது நடக்கும். முட்டைக்கு ஆயுள் ஒரு நாள்தான். ஆணின் விந்து சில நாள் உள்ளே காத்திருக்கும். ஆகவே முட்டை வரும் நாளும் அதற்கு முந்திய நான்கைந்து நாட்களும்தான் கருத்தரிக்க வாய்ப்புள்ள காலம். அந்த நாட்களில் சேர்ந்திருந்தாலும் எல்லா மாதமும் கரு நிற்கும் என்பதில்லை.

பௌர்ணமி கழிந்ததும் எனக்குத் தூரம். அப்படியானால் வாய்ப்புள்ள நாட்கள் அமாவாசையை ஒட்டித்தான் வரும். அந்த நாட்களில்தான் என் கணவர் குழந்தை வேண்டிக் கடையில் படுத்திருந்தார்.

எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. என்னை மலடி என்று சொன்ன வாய்களில் ஒன்றுகூட இந்தக் காலண்டரைப் பார்த்ததில்லை.

"இதுக்கு முன்னால எப்பவாச்சும் நாள் தள்ளிப்போச்சா?" என்று கேட்டார் டாக்டரம்மா.

போயிருந்தது. கல்யாணமான மறுவருடம், விரதமெல்லாம் தொடங்குவதற்கு முன்னால். மாத்திரையை நிறுத்தியும் அந்த மாதம் தூரமாகவில்லை. முழுகாமல் இருக்கிறேனா என்று பார்க்க மெடிக்கல் ஷாப்காரர் வேறு இரண்டு மாத்திரை கொடுத்தார். ரத்தம் வந்தால் கரு இல்லை, வராவிட்டால் உண்டு. அதற்குப் பெயர் டெஸ்ட். எனக்கு நிறையவே வந்தது. வயிற்றுவலியில் சுருண்டு கிடந்தேன். "ஒண்ணுமில்ல" என்று வீடே முடிவு செய்தது.

"அது டெஸ்டே இல்லம்மா. கரு இருந்தாலும் ரத்தம் போகலாம், இல்லாட்டியும் போகலாம். கருவுக்கே அந்த மருந்து கெடுதல்னு சொல்றாங்க" என்றார்.

"அப்ப எனக்கு இருந்துச்சாங்க?"

"இனிமே அதை யாராலயும் சொல்ல முடியாது."

வெளியே தாழ்வாரத்தில் அத்தை ஏதோ பேசிக்கொண்டே நடந்தார். எனக்கு ஒரு சொல்லும் காதில் விழவில்லை.

அதன்பின் நான் மாத்திரையைத் தொடவில்லை. தீபத்தின்போது தூரமானேன். பின்கட்டில் ஒதுங்கி உட்கார்ந்து வீட்டாரின் ஏச்சை வாங்கிக்கொண்டேன். என் கணவர் முனகிக்கொண்டே டெஸ்டுக்குப் போனார். அவரிடமும் குறை இல்லை. விரதத்தை மட்டும் விட்டார்.

பங்குனி உத்திரத்துக்கு முன்னால் நாள் தள்ளியது. அத்தை காகிதத்தில் மடித்து இரண்டு மாத்திரை கொண்டுவந்தார்.

"போட்டுப் பாருடி, தெரிஞ்சிடும்."

"ரெண்டு வாரம் போவட்டும் அத்தை. லேப்ல மூத்திரம் கொடுத்துப் பார்த்துக்கலாம்."

"ரெண்டு வாரமா? உத்திரத்துக்கு மாலைக்குச் சொல்லியிருக்காங்க. நீ தூரமாவியா மாட்டியான்னு தெரியாம நான் எப்படி ஒத்துக்கிறது?"

அவருக்குத் தெரியவேண்டியிருந்தது அது ஒன்றுதான். மாமியாரை எதிர்த்து அதுவரை குரல் உயர்த்தியதில்லை.

"போன தடவை நீங்க கொடுத்து நான் முழுங்கினேனே, அப்ப போனது என்னான்னு சொல்லுங்க அத்தை. சொல்லிட்டுக் கொடுங்க, போட்டுக்கிறேன்."

வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்த என் கணவர் உள்ளே வந்து அந்தக் காகிதத்தை வாங்கிக் கசக்கிச் சாக்கடையில் போட்டார். மூன்று வருடத்தில் எனக்காக அவர் செய்த முதல் காரியம் அது. நன்றியைவிட, இவ்வளவு நாள் ஏன் செய்யவில்லை என்ற கோபம்தான் வந்தது.

கருத்தரித்ததும் உடம்பில் ஒரு தனி ஹார்மோன் ஊறத் தொடங்கும். அது மூத்திரத்தில் தெரியும் அளவுக்குச் சேர வேண்டும். அவசரப்பட்டால் இருப்பதையும் இல்லை என்று காட்டும். அந்தக் காலத்து டெஸ்டுக்கு நாள் தள்ளி இரண்டு வாரமாவது ஆகவேண்டும். இப்போது வீட்டிலேயே, நாள் தள்ளியதும் பார்த்துக்கொள்ளலாம். காலையில் போகும் முதல் மூத்திரம் நல்லது. இல்லை என்று காட்டி, அப்புறமும் தூரமாகாவிட்டால் ஒரு வாரம் கழித்து மறுபடி பாருங்கள். அதுவரை யார் எதைக் கொடுத்தாலும் விழுங்காதீர்கள். சந்தேகம் இருந்தால் டாக்டரிடம் போங்கள்.

லேபில் உண்டு என்றார்கள். பெண் பிறந்தாள்.

எனக்குத் தூரம் நின்று பல வருடமாகிறது. பௌர்ணமிகள் இப்போது என்னை ஒன்றும் கேட்காமல் வந்து போகின்றன. உடம்பு ஒருவழியாக என்னிடமே வந்து சேர்ந்துவிட்டது. ஆனால் எத்தனை பிள்ளைகள் என்று யாராவது கேட்டால் உடனே பதில் வருவதில்லை. ஒன்று என்று சொல்கிறேன். அது சரிதானா என்று எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள எனக்கு இருந்த உரிமையை இரண்டு மாத்திரையில் முடித்துவிட்டார்கள்.