மான் கூப்பிடப் பழகிய மாதம்

என் அப்பாவுக்குப் பொய் சொல்லவே வராது என்று அம்மா அக்கம்பக்கத்தில் பெருமையடித்துக்கொள்வாள். எட்டு வயதுவரை நானும் அதை நம்பிக்கொண்டிருந்தேன்.

அப்போது நாங்கள் ரங்கூனில், அலோன் பக்கம் ஆற்றோரமாகக் குடியிருந்தோம். அப்பா மரவாடியில் மேஸ்திரி. காவலுக்கென்று முதலாளி வாங்கிக் கொடுத்த ஒற்றைக்குழல் துப்பாக்கி அவர் பொறுப்பில் இருந்தது. மழை விட்டதும் ஞாயிற்றுக்கிழமைகளில் அதைத் தோளில் மாட்டிக்கொண்டு, கூட வேலை பார்த்த பர்மாக்காரர் ஒருவரோடு இன்சீனுக்கு அப்பால் இருந்த காட்டுக்குப் போய்விடுவார். அந்தப் பர்மாக்காரரை நாங்கள் மாமா என்றுதான் கூப்பிடுவோம். ஓர் இலையை உதட்டில் வைத்து ஊதினால் மான்குட்டி அழுவது போலவே இருக்கும். அதில் அவர் கெட்டிக்காரர். அந்த வருஷம் பார்த்து அவருக்கு முன்பற்கள் விழுந்துவிட்டன. ஊதினால் வெறும் காற்றுதான் வந்தது. அதனால் என்னைப் பிடித்தார்கள்.

ஒரு மாதம் பழகினேன். குழாயடியில் ஊதி எல்லோரிடமும் திட்டு வாங்கினேன். மாமா கண்ணை மூடிக்கொண்டு கேட்பார். சரியாக வந்த அன்று, "கவுங்தே, ரொம்ப நல்லாருக்கு" என்று பாதி பர்மியத்தில் பாராட்டினார். எனக்குத் தலைகால் புரியவில்லை.

"ஊதுனா நெசமா மான் வருமாப்பா?"

"வரும். குட்டி அழுவுதுன்னு ஓடியாரும்."

"வந்து?"

"ஒன்னயப் பாத்துட்டுப் போயிரும்."

"அப்பறம் துப்பாக்கி எதுக்கு?"

"அது புலி வந்தா சுட, பாப்பா."

அடம்பிடித்து ஐந்து வயதுத் தம்பியும் வந்தான். விடியற்காலையில் ஒரு மூங்கில் புதருக்குப் பின்னால் எங்களை உட்கார வைத்தார்கள். மூன்றாம் தடவை ஊதியபோது மான் வந்தது. நாய் மாதிரி குரைக்குமே, அந்தச் சின்ன ஜாதி. பெட்டை. அது என்னைப் பார்க்கவே இல்லை. தலையைத் தாழ்த்திப் புதரோரமாக எதையோ தேடியது. இன்னும் கிட்டே வரட்டும் என்ற ஆசையில் மெல்ல இன்னொரு தடவை ஊதினேன். இரண்டு எட்டு எடுத்து வைத்தது. அப்பா சுட்டார்.

காது அடைத்துப்போய்விட்டது. தம்பி துள்ளிக் குதித்தான். அப்பா என் தலையைத் தடவினார். அந்தக் கையைப் பிடித்துக் கடித்துவிட்டேன்.

"புள்ள பயந்துருச்சு" என்றார் மாமாவிடம்.

பயமாவது ஒன்றாவது. எனக்கு வந்தது ஆத்திரம். தன் பாட்டுக்கு இருந்த ஒரு தாயை நான்தான் அழைத்துக் கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறேன். அதற்கு ஒரு மாதமாக என்னைத் தயார் செய்திருக்கிறார்கள். ரயிலில் அப்பா பக்கம் நான் திரும்பவே இல்லை. வீட்டுக்குப் போனதும் அம்மாவிடம் எல்லாவற்றையும் சொல்லி அழுவது, அவள் அவரை ஒரு பிடி பிடிப்பாள் என்று கணக்குப் போட்டுக்கொண்டு வந்தேன்.

அடுக்களையில் அம்மிமேல் கறிக்கான மசாலா தயாராக இருந்தது. நாங்கள் வருவதற்கு முன்பே அரைத்து உருட்டி, வாழையிலை போட்டு மூடி வைத்திருந்தாள்.

"ஒனக்கும் தெரியுமாம்மா?"

"என்ன தெரியணும்? கறி கெடைக்குமோ கெடைக்காதோன்னு இருந்தேன். ஒன் கைராசி, கெடைச்சிருச்சு" என்று என் கன்னத்தைக் கிள்ளினாள். வைத்திருந்த அழுகை அப்படியே உள்ளே போய்விட்டது.

மானைக் கூப்பிட்டவருக்குத்தான் ஈரல். அது மாமா ஊர்க்காரர்கள் வழக்கம். முழுசாக என் தட்டில் வைத்தார்கள். தொடவே கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். மிளகு வாசனை தூக்கியது. காலையிலிருந்து பட்டினி. ஒரு துண்டைப் பிட்டு வாயில் போட்டேன். பிறகு எல்லாவற்றையும் தின்றேன். போதாமல் இன்னும் கொஞ்சம் குழம்பு ஊற்றச் சொன்னேன்.

அப்பா அம்மாவைப் பார்த்துச் சிரித்தார். பொய் சொன்னதைக்கூட என்றைக்காவது மன்னித்திருப்பேன். அந்தச் சிரிப்பைக் கடைசிவரை மன்னிக்கவில்லை.