விருத்தாசலத்தில் பன்னிரண்டு ஜாடிகளுக்கு நடந்த சோதனை

விழுப்புரத்தில் நானும் என் நாத்தனாரும் பினாயில், பாத்திரம் தேய்க்கும் திரவம் தயாரிக்கிறோம். எங்களைப் போன்ற சிறிய ரசாயனத் தொழில்கள் சுத்தமான முறைக்கு மாற மானியம் உண்டு என்று கேள்விப்பட்டு ஒரு படிவம் வாங்கி வந்தேன். எட்டு மாதமாக அதை நிரப்பத் துணிச்சல் வரவில்லை. பயிற்சி வகுப்பு ஒன்றில் பழக்கமான ஜெசிந்தா, "செவ்வாக்கெழம எங்க யூனிட்டுக்கு மானிய ஆய்வுக்கு வராங்க. நீங்களும் வந்து பாருங்கக்கா" என்று போன தை மாதம் அழைத்தார். உடனே கிளம்பிவிட்டேன்.

காலை ஏழே காலுக்கு பாசஞ்சர் ரயில். ஐம்பத்தைந்து கிலோமீட்டருக்குப் பதினைந்து ரூபாய். எட்டரைக்கு விருத்தாசலம் சந்திப்பில் இறங்கி, பீங்கான் தொழிற்பேட்டைக்கு ஆட்டோ பிடித்தேன். எண்பது ரூபாய்.

"பொம்மை வாங்கவா வந்தீங்க?" என்றார் ஓட்டுநர்.

"இல்லைங்க, ஈயம் இருக்கான்னு பார்க்க."

"அது பஜார்லயே கெடைக்குமேங்க!"

ஜெசிந்தா தயாரிப்பது கிளேஸ், அதாவது பீங்கானுக்குப் பளபளப்புத் தரும் பூச்சு. குறைந்த சூட்டில் உருக வேண்டும் என்று முன்பு அதில் ஈயம் சேர்த்தார்கள். விளக்கு, பொம்மை என்றால் யாரும் கவலைப்படுவதில்லை. ஊறுகாய் ஜாடியில் அது புளிப்போடு சேர்ந்து வயிற்றுக்குள் போய்விடும். இரண்டு வருடமாக ஜெசிந்தா ஈயத்தைத் தொடுவதில்லை. புதிய அரவை இயந்திரத்துக்கும், கழுவிய நீரைச் சுத்தம் செய்து திரும்பப் பயன்படுத்தும் தொட்டிக்கும் மானியம் கேட்டிருந்தார்.

தன் பூச்சு சுத்தமானது என்று காட்ட, பன்னிரண்டு ஜாடிகளில் முந்தின நாள் காலையிலேயே வினிகர் ஊற்றி வைத்திருந்தார். அதில் ஒரு சோதனைத் தாளை நனைத்தால், ஈயம் இருக்கும்போது இளஞ்சிவப்பாக மாறும். ஒன்பதே காலுக்கு ஜெசிந்தாவும் அங்கே வேலை செய்யும் பெண்களும் நானுமாக ஒவ்வொன்றாக நனைத்தோம். பத்து தாள்கள் வெள்ளையாகவே இருந்தன. இரண்டு சிவந்தன. ஜெசிந்தா புதுத் தாள் எடுத்து அந்த இரண்டையும் மறுபடி சோதித்தார். மறுபடியும் சிவப்பு.

அங்கே நான்கு யூனிட்டுகளுக்குச் சேர்த்து ஒரே பொதுச் சூளை. அதைப் பார்த்துக்கொள்ளும் கலியமூர்த்தி எட்டிப் பார்த்தார். "அந்த ரெண்ட உள்ள வச்சிடும்மா. யாரு எண்ணப் போறாங்க?"

ஜெசிந்தா அந்த ஜாடிகளைத் தூக்கி, அடியில் போட்டிருந்த சூளைத் தட்டின் குறியைப் பார்த்தார். "ரெண்டும் கீழ்த்தட்டுல சுட்டதுண்ணே. மத்தவங்க ஈய விளக்கு சுடுற தட்டு. என் கிளேஸ்ல குத்தமில்ல, சூளைலேருந்துதான் ஏறியிருக்கு."

எங்கள் எல்லோர் முன்னாலும் கலியமூர்த்தியின் முகம் சுருங்கிவிட்டது. "இருவது வருசமா சுடுறேன். இப்ப என் சூளை வெஷமாப் போச்சா?" என்று விருட்டென்று வெளியே போனார்.

நானாக இருந்தால் பத்து ஜாடிகளை மட்டும் வைத்திருப்பேன், ஒளிக்காமல் சொல்கிறேன். ஜெசிந்தா பன்னிரண்டையும் மேசையில் அடுக்கி, ஒவ்வொன்றின் முன்னாலும் அதனதன் தாளை வைத்தார்.

அதிகாரி பதினொன்று இருபதுக்கு வந்தார், நடுத்தர வயதுப் பெண். தாள்களைப் பார்த்துவிட்டு நெடுநேரம் சூளையைச் சுற்றி வந்தார். "பூச்சு நல்லாத்தான் இருக்குதும்மா. ஆனா ஜாடில ஈயம் வருது. இப்படியே நான் கையெழுத்துப் போட முடியாது."

ஜெசிந்தாவுக்குக் கண் கலங்கிவிட்டது.

"தட்ட மாத்துனா போதுமா மேடம்?" என்று வாசலிலிருந்து குரல் வந்தது. கலியமூர்த்தி எப்போது திரும்பி வந்தாரோ தெரியவில்லை.

"மாத்துனாலும், மறுபடி யாராவது ஈயம் போட்டு சுட்டா இதே கததாங்க. நாலு பேரும் சேர்ந்து வந்தா, பொது வசதிக்குன்னு தனி மானியம் இருக்குது."

"நாலு பேருகிட்டயும் நான் பேசுறேன்" என்றார் கலியமூர்த்தி. ஜெசிந்தாவை அவர் பார்க்கவே இல்லை.

இரண்டு மணிக்கு உளுந்தூர்பேட்டை பஸ்ஸில் ஏறி, மங்கலம்பேட்டையில் இறங்கி பிரியாணி சாப்பிட்டேன். நூற்று இருபது ரூபாய், தாராளமாகக் கொடுக்கலாம். வீட்டுக்கு வந்ததும் படிவத்தை நிரப்பினேன். கழிவுநீர் எங்கே போகிறது என்ற இடத்தில் "தெருச் சாக்கடைக்கு" என்று உள்ளதை எழுதினேன்.

சித்திரையில் ஜெசிந்தா ஃபோன் செய்தார். மற்ற மூவரில் இரண்டு பேர் ஈயத்தை விடச் சம்மதித்தார்களாம், ஒருவர் வேறு சூளைக்குப் போய்விட்டாராம். புதுத் தட்டுகளுக்கும் தொட்டிக்கும் பணம் வந்திருக்கிறது. அரவை இயந்திரத்துக்கு இல்லை, பழையதிலேயே அரைக்கிறார்.

நீங்களும் போவதாக இருந்தால், முன்கூட்டிக் கேட்டுவிட்டுப் போங்கள். சூளை திறக்கும் நாளில் யாருக்கும் பேச நேரமிருக்காது. ஊறுகாய் ஜாடி நூற்று எண்பது ரூபாயிலிருந்து கிடைக்கும். ஈயமில்லாத பூச்சா என்று கேட்டு வாங்குங்கள். யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். மானியத்துக்கு விண்ணப்பிப்பவர்கள், ஆய்வுக்கு ஒரு மாதம் முன்னதாகவே தாங்களே சோதித்துப் பார்த்துவிடுவது நல்லது. உங்களோடு சூளையோ தொட்டியோ பகிர்ந்துகொள்பவரிடம் முதலில் தனியாகப் பேசுங்கள். இதைச் சொல்லச் சொன்னது ஜெசிந்தாதான். "எல்லாரு முன்னாடியும் அண்ணன அப்படிச் சொல்லியிருக்கக் கூடாதுக்கா" என்றார்.

புதுத் தட்டில் சுட்ட முதல் ஜாடியைக் கலியமூர்த்தியே விலை கொடுத்து வாங்கிக்கொண்டாராம். இப்போது தினமும் அதில் எலுமிச்சை ஊறுகாய் கொண்டுவந்து, மத்தியானம் ஜெசிந்தாவின் தட்டிலும் ஒரு துண்டு வைக்கிறாராம்.