பிள்ளை மடுவத்தில் எண்ணெய்ப் பீப்பாய்

தேங்காய் எண்ணெய் என்றாலே எனக்கு இன்றும் குமட்டும். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளில், கண்டிக்கு அப்பால் தெல்தெனியப் பக்கத்துத் தோட்டமொன்றில் என் கணவர் தேயிலை ஃபெக்டரி எஞ்சினை ஓட்டினார். கொழுந்தெடுக்கப் போகும் பெண்கள் விட்டுப்போகும் கைக்குழந்தைகளை நான் பிள்ளை மடுவத்தில் பார்த்துக்கொண்டேன். என் மகளும் அங்கேதான் கிடந்தாள்.

தேங்காய் விலை விழுந்து கிடந்த காலம் அது. கப்பலில் வரும் எஞ்சின் எண்ணெய்க்குப் பதில் தேங்காய் எண்ணெயை ஊற்றி ஓட்டலாம் என்று தோட்டத்துத் துரைக்கு ஒரு யோசனை. கண்டியிலிருந்து பீப்பாய் பீப்பாயாக வந்து இறங்கியது. எஞ்சின் ஓடத்தான் செய்தது. ஆனால் பூஞ்சணம் பிடித்த கொப்பராவில் ஆட்டிய எண்ணெய். புகை நாங்கள் குடியிருந்த லயம் வரைக்கும் நாறியது. நத்தார்ப் பண்டிகை நெருங்கியதும் மார்கழிக் குளிரில் எண்ணெய் உறைந்து குழாயை அடைத்துக்கொண்டது.

"வீட்டுல போத்தல அடுப்புப் பக்கத்துல வைப்போம் தொர, இளகிரும்" என்றார் என் கணவர். வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் விட்ட கதைதான். ஃபெக்டரி அடுப்பருகே வைத்தால் தேயிலையில் நாற்றம் ஏறிவிடும் என்று துரை பயந்தார். எந்நேரமும் தணல் இருக்கும் வேறு இடம், பால் காய்ச்சும் எங்கள் மடுவம்தான். தேயிலையில் ஏறக்கூடாத நாற்றம் பிள்ளைகள்மேல் ஏறலாமாம்!

பீப்பாய்கள் உள்ளே வந்தன. தொட்டில்கள் வெளி விறாந்தைக்குப் போயின. உள்ளே எறும்பும் எலியும் எண்ணெயை நக்கின. வெளியே சாரலில் பிள்ளைகள் இருமின. துரை காலையில் வந்து பீப்பாயைத் தொட்டுச் சூடு பார்ப்பார். ஒரு பிள்ளையின் நெற்றியை அவர் தொட்டு நான் பார்த்ததில்லை.

ஒருநாள் பொறுக்க மாட்டாமல் கேட்டேன். "புள்ளைங்க குளிருல நடுங்குதுங்க தொர. கம்பளியாச்சும் குடுங்க."

"நல்லது, நல்லது" என்று தலையாட்டினார்.

மறுநாள் கணக்கப்பிள்ளை இரண்டு புதுக் கம்பளிகளைக் கொண்டுவந்து வைத்தார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. ஒன்றை விரித்து என் மகளையும் இருமிக்கொண்டிருந்த இன்னும் சில பிள்ளைகளையும் அதற்குள் பொதிந்தேன்.

"அய்யோ, எடு தங்கச்சி, எடு! பீப்பாய்க்குச் சுத்தத்தான் தொர குடுத்தாரு" என்று பதறினார் கணக்கப்பிள்ளை.

நான் அசையவில்லை. இளகிய எண்ணெயை எடுத்துப்போக வந்திருந்த என் கணவர்தான் குனிந்து, பிள்ளைகளை ஒவ்வொன்றாகத் தூக்கி வெறும் சாக்கில் கிடத்தினார். எங்கள் மகளைக் கடைசியாகத் தூக்கினார். பிறகு கம்பளியைப் பீப்பாயில் சுற்றி, நழுவாதபடி கயிறு போட்டு இறுக்கினார்.

அன்று அவருக்குச் சோறு போட எனக்கு மனம் வரவில்லை.